எடுக்காமல் விட்ட சிரிப்பு

அக்டோபர் 14, திங்கள்

கால்ஷீட்: காலை ஏழு மணி, பூந்தமல்லி ஷூட்டிங் வீடு. விசாலாட்சி வேஷம். அரக்குப் பட்டு நானே கொண்டுவர வேண்டும் என்றார்கள், கொண்டுபோனேன்.

நாடகத்தில் இருந்த காலம் தொட்டு என் டைரியில் இவ்வளவுதான் இருக்கும். எந்த ஊர், என்ன தேதி, யார் ராஜபார்ட். ஒரே தேதிக்கு இரண்டு ஊரில் ஒப்புக்கொண்டுவிட்டால் மானம் போய்விடும் என்று குறித்து வைக்கிற பழக்கம். மதுரையை விட்டுச் சினிமாவுக்கு வந்து, சினிமாவை விட்டுச் சீரியலுக்கு வந்தும் பழக்கம் போகவில்லை. இன்று மட்டும் கொஞ்சம் கூட எழுத வேண்டும் போலிருக்கிறது. வீட்டில் இருப்பது தம்பி சோலை ஒருவன். அவனிடம் சொல்ல முடியாததை வேறு எங்கே போய்ச் சொல்வேன்?

மத்தியானம் சாப்பிடும்போது டைரக்டர் செழியன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் அப்படி வந்து உட்கார்ந்தாலே நல்ல சேதி இல்லை.

"பவுனம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க டிராக் இந்த மாசத்தோட முடியுது."

"எப்படி முடிக்கிறீக? காசிக்கு அனுப்புறீகளா, கோமாவா?"

"மாரடைப்பும்மா. மருமக திருந்தணும்னா மாமியார் சாகணும்னு சேனல்ல சொல்லிட்டாங்க."

"அதுக்கென்ன, செத்துட்டாப் போச்சு" என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. தட்டை அங்கே சுற்றிக்கொண்டிருந்த நாய்க்குட்டிப் பக்கம் நகர்த்திவிட்டேன்.

இதை எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். போன வாரம் குளிக்கும்போது இடது மார்பில் பாக்கு அளவுக்கு ஒன்று கையில் தட்டுப்பட்டது. இன்றைக்கும் இருக்கிறது. நெறி கட்டியிருக்கும். விசாலாட்சி சாவதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அக்டோபர் 16, புதன்

சாவதற்கு முன்னாலேயே போட்டோ எடுத்துவிட்டார்கள். ஹாலில் மாலை போட்டு மாட்டுவதற்கு. "லேசா சிரிச்ச மாதிரி, ஆனா தெய்வீகமா இருக்கணும்மா" என்றான் போட்டோக்காரன். தெய்வீகமாக எப்படிச் சிரிப்பது என்று அவனையே செய்து காட்டச் சொன்னேன்.

சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே நானே மாலையோடு தொங்குகிறேன். ஆர்ட் டிப்பார்ட்மென்ட் பையன்கள் லைட் சரியாக விழுகிறதா என்று மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். சந்தனப்பொட்டு, ஊதுபத்தி எல்லாம் தயார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்பா, மாலை கோணையா இருக்கு பாரு" என்றேன்.

வீட்டில் சொன்னதற்குச் சோலை, "அட, உனக்காச்சும் போட்டோ வச்சாக. பபூன் செத்தா பவுடர் டப்பாவத்தான் வைப்பாக" என்றான். மேடையில் பபூன் வேஷம் கட்டியவன். முழங்கால் போன பிறகு எனக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு கூடவே இருக்கிறான். அவன் வாய் மட்டும் இன்னும் மேடையை விட்டு இறங்கவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

மழை. கால்ஷீட் இல்லை. கை வைத்துப் பார்க்கவில்லை.

அக்டோபர் 19, சனி

மேடையில் நான் சாகாத சாவா? பாம்பு கடித்து, பட்டினி கிடந்து, புருஷன் சந்தேகப்பட்டு வெட்டி, தீயில் இறங்கி. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு திருவிழாவில் நான் விழுந்து செத்த வேகத்தில் ஒரு கிழவர் மேடையேறி வந்து என் வாயில் தண்ணீர் ஊற்றிவிட்டார். ஆனால் எனக்கு ஒருநாளும் பயம் வந்ததில்லை. ஏனென்றால் விடிகிற நேரத்தில் மங்களம் பாட வேண்டும். செத்தவர், கொன்றவர் எல்லோரும் எழுந்து வந்து வரிசையாக நிற்க வேண்டும். ராஜபார்ட் முதல் அடி எடுப்பார், ஸ்திரீபார்ட் நான் இரண்டாம் அடி. செத்தவள் பாடினால்தான் ஜனங்கள் பாயைச் சுருட்டுவார்கள். மங்களம் பாடாமல் இறங்கினால் ஊர்க்காரர்கள் வண்டியை மறித்துவிடுவார்கள்.

சினிமாவுக்கு வந்தபோது அது இல்லை. முதல் வருஷமே பிண வேஷம்தான் கொடுத்தார்கள். கட் என்றதும் நான் எழுந்திருக்கப் போனேன். கேமராமேன், "எந்திரிக்காத பாப்பா, அப்படியே கிட. கண்ணைத் திறந்து லென்ஸைப் பார்த்துச் சிரி" என்றார். பிணமாக நடித்தவரைச் சிரிக்க வைத்து ஒரு ஷாட் எடுத்த பிறகுதான் எழுப்புவார்கள். அப்புறம் பூசணிக்காய் உடைப்பார்கள். கடைசியாகக் கேமராவில் பதிவது பிணமாக இருக்கக்கூடாது, அதுதான் கணக்கு. சரி, இங்கே மங்களம் என்பது இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அதிலிருந்து எத்தனையோ தடவை செத்துவிட்டேன். ஒரு தடவைகூடச் சிரிக்காமல் எழுந்ததில்லை.

எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். நான் கேட்டுக்கொள்வதில்லை.

சாவு சீன் புதன்கிழமையாம்.

அக்டோபர் 23, புதன்

வந்ததும் வராததுமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஐஸ் பெட்டியில்தான் படுக்க வைப்பதாக இருந்தது. கண்ணாடியில் லைட் அடிக்கிறது என்று பெட்டியைத் தூக்கிவிட்டு மரப்பெஞ்சில் படுக்க வைத்தார்கள். மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, தாடையைச் சுற்றித் துணிக்கட்டு, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து முடிச்சு. கழுத்தில் நிஜ ரோஜா மாலை. அந்த வாசனையே எனக்கு என்னமோ செய்தது.

மருமகளாக நடிப்பவள் மேகனா. பெங்களூர்ப் பெண். தமிழ் சீரியலில் பாதிப் பேர் அந்தப் பக்கம்தான். அசிஸ்டென்ட் கதிர் பின்னால் நின்று வசனம் சொல்லச் சொல்ல இவள் திருப்பிச் சொல்வாள். அழ வேண்டும் என்றால் கிளிசரின் வேண்டும். மேடையில் நாங்கள் அழுதால் முன்வரிசை அழும், இவள் அழுதால் டச்சப் பையன் மட்டும் ஓடி வருவான் என்று நானே பலமுறை கிண்டல் செய்திருக்கிறேன்.

ஆக்‌ஷன் சொன்னதும் ஓடி வந்தவள் "அத்தை!" என்று கத்திக்கொண்டு என் மேல் விழுந்தாள். அவள் முழங்கை நேராக இடது மார்பில் இறங்கியது.

பிணம் "ஐயோ!" என்று அலறிவிட்டது.

வீடே சிரித்தது. லைட்மேன்கள் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். செழியன், "பிணம் பேசுதும்மா! மருமக திருந்துறதுக்குள்ள மாமியார் திருந்திட்டாங்க!" என்றார். நானும் கட்டிய தாடையோடு சிரிக்கிற மாதிரி பாவனை செய்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது, வலி அப்படி.

மேகனா மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த டேக்கில் சொல்லாமல் கொள்ளாமல் என் காலில் போய் விழுந்தாள். "மேல விழும்மா, ஃபேஸ் வேணும்" என்று செழியன் கத்தினார். அவள் கேட்கவே இல்லை, காலைக் கட்டிக்கொண்டு அங்கேயே அழுதாள்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. வாசலில் இருந்த ஜெனரேட்டருக்குத் தண்ணீர் வந்துவிட்டது, லைட் போயிற்று, ஆளாளுக்கு வயரைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். யாரோ பூசணிக்காயை வாசலில் போட்டு உடைத்தார்கள். காஸ்ட்யூம் பெண் வந்து என் கால்கட்டை அவிழ்த்துவிட்டுக் குடையைக் கையில் கொடுத்தாள். கார் வந்துவிட்டது, ஏறி உட்கார்ந்தேன்.

போரூர் ஏரி தாண்டும்போதுதான் உறைத்தது. நான் சிரிக்கவில்லை. யாரும் என்னைச் சிரிக்கச் சொல்லவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

விடிந்ததும் கதிருக்குப் போன் செய்தேன்.

"தம்பி, சிரிப்பு ஷாட் எடுக்கலையே."

"எந்த ஷாட்டும்மா?"

"பிணமா நடிச்சா எடுப்பாகல்ல. அது."

"ஓ, அந்த சென்டிமென்ட்டா! அதான் பூசணிக்காய் ஒடச்சாச்சேம்மா. அதுவும் நீங்கதான் நடுவுல கத்தினீங்களே, செத்தவங்க கத்துவாங்களா? தோஷம் கழிஞ்சிருச்சு, விடுங்க."

சின்னப் பையன், சிரிக்கிறான். எனக்கும் இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த கையோடு இன்னொரு போன் வந்தது. மேகனா.

"அம்மா, நான் விழுந்தப்ப ரொம்ப வலிச்சுதா?"

"உன் முழங்கை என்ன இரும்பா? விலா எலும்புல பட்டுருச்சு."

"விலா எலும்பு இல்ல. கட்டியா இருந்துச்சு. என் கைக்குத் தெரிஞ்சுது." குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எங்க அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அவங்களும் யார்கிட்டயும் சொல்லல."

"இப்ப எப்படி இருக்காக?" என்று கேட்டிருக்க வேண்டும். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

அக்டோபர் 26, சனி

அந்தப் பெண் வீட்டு வாசலுக்கே காரோடு வந்துவிட்டாள். சோலை வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான், சீரியல் மருமகள் வீட்டுக்கே வந்திருக்கிறாள் என்று. அவன் முன்னால் சண்டை போட முடியுமா? "டப்பிங்குக்குக் கூட்டிட்டுப் போறா" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

வடபழனிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. லேடி டாக்டர். முகம் பார்த்துப் பேசுகிறார், அது வரைக்கும் நல்லது. இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் படம் எடுத்தார்கள். அப்புறம் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். என்னைத் திரையில் பார்த்த நர்ஸ் ஒருத்தி, "நீங்க விசாலாட்சி அம்மாதானே? உங்க மருமக உங்களை அந்தப் பாடு படுத்துறாளே!" என்றாள். அந்த மருமகள் வெளியே என் செருப்பையும் கைப்பையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரிப்போர்ட் செவ்வாய்க்கிழமை. டாக்டரிடம், "ஒண்ணும் இருக்காதுல்ல?" என்றேன். "பார்த்துட்டுச் சொல்றேம்மா" என்றார். இருக்காது என்று சொல்ல வாயா வலிக்கிறது?

திரும்பும்போது மேகனாவின் அம்மாவைப் பற்றிக் கேட்டேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "இல்ல" என்றாள்.

அக்டோபர் 29, செவ்வாய்

போகவில்லை.

மேகனா போனில் கேட்டாள். "சிரிப்பு ஷாட் எடுக்காம நான் ரிப்போர்ட் வாங்க மாட்டேன். அது முடியாம இதைப் போய் வாங்குனா என்ன எழுதியிருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

"அம்மா, ரிப்போர்ட் எழுதி முடிச்சாச்சு. நீங்க சிரிச்சா மாறுமா?"

"உனக்கு மேடை தெரியாது. மங்களம் பாடாம எறங்குனவ வீடு போய்ச் சேர மாட்டா."

"சரி, ஷாட்டுக்குப் பயந்து ரிப்போர்ட் வேணாமா, இல்ல ரிப்போர்ட்டுக்குப் பயந்து ஷாட் வேணுமா?"

போனை வைத்துவிட்டேன். கதிர் பின்னால் நின்று சொல்லிக்கொடுக்காமல் இவளுக்கு இவ்வளவு தமிழ் எப்போது வந்தது?

அக்டோபர் 31, தீபாவளி

சோலை எண்ணெய் காய்ச்சி வைத்து, உச்சியில் வைத்துவிட வந்தான். "நானே வச்சுக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டேன். இடது கையைத் தூக்க முடியவில்லை. வலது கையால் மட்டும் தேய்த்துக்கொண்டதை அவன் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

இட்லியும் கறிக்குழம்பும் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தான். "அக்கா, டப்பிங்குக்குப் போறவுக குரலைத்தான கொண்டுபோவாக? நீ போன நாள்ல ஆதார் கார்டைத் தேடி எடுத்துட்டுப் போயிருக்க."

"சும்மா இருடா. இட்லி ஆறுது."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற. மறை. சோறு எவ்வளவு இருக்குன்னு நானும் பாக்குறேன்."

சிரிக்க வைக்கிறதுக்காகச் சொன்ன மாதிரிதான் சொன்னான். முகத்தில் சிரிப்பு இல்லை. தெருவில் சரவெடி வெடிக்கும்போதெல்லாம் தூக்கித் தூக்கிப் போட்டது.

நவம்பர் 4, திங்கள்

இன்றைக்கு நான் டி.வி.யில் செத்தேன்.

பக்கத்து வீட்டு ஜெபமேரி அக்கா கூடவே உட்கார்ந்து பார்க்க வந்துவிட்டாள். உயிரோடு இருக்கிற என் கையைப் பிடித்துக்கொண்டு திரையில் கிடக்கிற எனக்காக மூக்கைச் சிந்தினாள். "எப்படி படுத்துருக்கீங்க பாருங்க, மூச்சே தெரியல" என்று பாராட்டு வேறு. சோலை விளம்பர இடைவேளையிலேயே எழுந்து மாடிக்குப் போய்விட்டான்.

நான் பார்த்தேன். நெற்றியில் காசு, மூக்கில் பஞ்சு, மஞ்சளாக ஒரு முகம். நான் அலறிய இடத்தை வெட்டிவிட்டார்கள். அப்புறம் போட்டோ, மாலை, ஊதுபத்திப் புகை, தொடரும். அவ்வளவுதான். நான் எழுந்திருக்கவே இல்லை.

நாற்பது வருஷத்துக்கு மேல் நடித்திருக்கிறேன். என்னையே பார்த்து எனக்கு இப்படிப் பயம் வந்தது இதுதான் முதல் தடவை. ஜெபமேரி அக்கா போன பிறகு வீட்டில் எல்லா லைட்டையும் போட்டு வைத்தேன்.

நவம்பர் 6, புதன்

கால்ஷீட்: காலை பத்து மணி, பூந்தமல்லி. வேஷம்: அதே பிணம்.

மேகனா செய்த வேலை. மேக்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, பவுனம்மாவுக்குச் சிரிப்பு ஷாட் எடுக்காமல் ஃபிரேமுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். கதாநாயகி இல்லாமல் என்ன எடுப்பது? செழியன் அவரே எனக்குப் போன் செய்தார். "மறந்ததுக்கு மன்னிச்சுக்கோங்கம்மா. அஞ்சு நிமிஷ வேலை, முடிச்சிடலாம்" என்றார்.

அதே பெஞ்சு, அதே பட்டு. மாலை மட்டும் புதுசு. படுத்துக்கொண்டேன். கேமரா தலைக்கு மேலே வந்து நின்றது.

"பவுனம்மா, கண்ணைத் திறந்து லென்ஸைப் பாருங்க. சிரிங்க. ஆக்‌ஷன்!"

சிரித்தேன். செழியன் மானிட்டரைப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு போலாம்மா" என்றார். சிரித்தேன். "இன்னும் கொஞ்சம் ஃப்ரீயா." சிரித்தேன். ராஜபார்ட்டைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு, குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிறது, சக்களத்தியைப் பார்த்துச் சிரிக்கிறது, கைவசம் இருந்த அத்தனையும் போட்டுப் பார்த்தேன். ஒருவரும் ஓகே சொல்லவில்லை.

"காட்டுய்யா, நான் பாக்குறேன்" என்று எழுந்து போய் மானிட்டரில் பார்த்தேன். பல் தெரிகிறது, கன்னம் ஏறியிருக்கிறது, கண் அப்படியே கிடக்கிறது. பிணம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. ஐயோ, அதைப் பார்த்திருக்கவே கூடாது.

திரும்பி வந்து பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரைப் பார்த்துச் சொன்னேன் என்று தெரியவில்லை. "எனக்கு மார்ல கட்டி இருக்கு. ரிப்போர்ட் வந்து ஒரு வாரமாச்சு. வாங்கப் பயமா இருக்கு" என்றேன்.

அன்றைக்குச் சிரித்த லைட்மேன்கள் எல்லோரும் நின்ற இடத்தில் நின்றார்கள். செழியன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அன்னைக்கு நீங்க கத்தினப்போ நான் ஜோக் அடிச்சேனேம்மா" என்றார். கதிர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

மேகனா வந்து என் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றினாள். "ஷாட் எடுத்தாச்சு, நல்லா வரல. பரவால்ல. இப்ப போலாமா?" என்றாள்.

போனோம்.

நவம்பர் 7, வியாழன்

அதுதான்.

நவம்பர் 9, சனி

இடது மார்பை எடுத்துவிட வேண்டுமாம். புதன்கிழமை ஆப்பரேஷன். "நீங்க இன்னும் ஒரு மாசம் கழிச்சு வந்திருந்தா இந்தப் பேச்சே வேற மாதிரி இருந்திருக்கும்" என்றார் டாக்டர். ஒரு சிரிப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரத்தைத் தின்றிருக்கிறேன்.

சோலையிடம் இன்று சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தான். நிறுத்தவில்லை, உருவிக்கொண்டே இருந்தான். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "தெரியும்" என்றான்.

"எப்படிடா?"

"அன்னைக்கே அந்தப் பொண்ணு வாசல்ல நின்னப்பவே அவ மூஞ்சியில தெரிஞ்சுது. அதுக்குத்தான நடிக்கத் தெரியாதே."

பிறகு கீரையைத் தள்ளி வைத்துவிட்டு அழுதான். பபூன் அழுது நான் பார்த்ததில்லை. எங்கள் அம்மா செத்தபோதுகூடச் சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து எல்லோரையும் சிரிக்க வைத்தவன். "எனக்கு யாருக்கா இருக்கா? ஒன்னைய விட்டா யாரு இருக்கா?" என்று கேட்டான். அவனைத் தேற்ற வேண்டிய நானும் சேர்ந்து அழுதேன். இன்று கீரை வேகவே இல்லை, ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டோம்.

நவம்பர் 12, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பெட் ஜன்னல் பக்கம்.

மூன்று நாளாகச் சோலை ஒரு நக்கலும் அடிக்கவில்லை. டாக்டர் சொன்னதைவிட அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

நாளைக்கு ஸ்டிரெச்சரில் படுக்க வைத்து, கழுத்து வரைக்கும் துணியைப் போர்த்தித் தள்ளிக்கொண்டு போவார்களாம். தலைக்கு மேலே லைட் இருக்குமாம். எனக்கு எல்லாம் பழக்கம்தான் என்று நர்ஸிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். பழக்கம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். கட் யார் சொல்வார்கள் என்று தெரியவில்லை.

பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று எழுதினேன். குறையவில்லை.

நவம்பர் 16, சனி

இடது பக்கம் கட்டும் குழாயுமாக இருக்கிறது. வலது கை என்னுடையதுதான், அதனால் எழுதுகிறேன்.

புதன்கிழமை நடந்தது பாதி நினைவிருக்கிறது, பாதி மேகனா சொன்னது. கண்ணைத் திறந்தபோது மேலே வெள்ளை லைட். வாய் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. எழுந்தேனா இல்லையா என்றே தெரியவில்லை. கண்ணை மறுபடி மூடிக்கொள்ளலாம் போலிருந்தது, அவ்வளவு சுகமாக, அவ்வளவு பயமாக இருந்தது.

மேகனா போனை எடுத்து, "அம்மா, இங்க பாருங்க, சிரிங்க. பாக்கி ஷாட்" என்றிருக்கிறாள். நர்ஸ் வந்து, "இங்க போனெல்லாம் எடுக்கக் கூடாது" என்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். இப்போதும் ஷாட் இல்லை.

அப்போது கால்மாட்டில் ஒரு குரல் கேட்டது. கரகரப்பாக, சுருதியில் நிற்காமல். சோலை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வலியோடு நேராக நின்று, மங்களத்தின் முதல் அடியைப் பாடினான். பபூனுக்கு ஒருநாளும் முதல் அடி கிடையாது. ராஜபார்ட் பாட வேண்டியதை எடுத்துப் பாடிவிட்டு நிறுத்தினான். நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான்.

இரண்டாம் அடி என்னுடையது.

அவன் காத்திருந்தான். பக்கத்து பெட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தாள். நர்ஸ்கூடத் திரும்பி வந்து நின்றுவிட்டாள். தொண்டையில் குழாய் போட்டு எடுத்த புண். எச்சில் இல்லை, மூச்சு இல்லை. ஆனால் ஸ்திரீபார்ட் அடி எடுக்காமல் விட்டால் ஜனங்கள் எப்படிப் பாயைச் சுருட்டுவார்கள்?

பாடினேன். பாட்டு என்று சொல்ல முடியாது, காற்றுத்தான் வந்தது. அவன் மூன்றாம் அடியில் வழக்கம்போல வார்த்தையைக் கோட்டைவிட்டான். மேடையில் இருந்த காலம் தொட்டு அதே இடத்தில் கோட்டைவிடுகிறான். "மூதேவி, இன்னைக்குமாடா?" என்று சொன்னேனாம்.

அப்போது நான் சிரித்தேன் என்று மேகனா சொல்கிறாள். எனக்கு நினைவில்லை. அவளைக் கேட்டால் சொல்ல முடியாமல் அழுகிறாள். கிளிசரின் இல்லாமல் அந்தப் பெண் அழுது இப்போதுதான் பார்க்கிறேன்.

நவம்பர் 18, திங்கள்

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். கக்கத்து நெறி ஒன்றிலும் கொஞ்சம் இருக்கிறதாம். நெறி நெறி என்று சொல்லிக்கொண்டிருந்தேன், கடைசியில் நெறியும் வந்துவிட்டது. மருந்து ஏற்ற வேண்டும், முடி கொட்டும் என்றார். விக் கட்டாமல் நான் எந்த வேஷம் போட்டிருக்கிறேன் என்றேன்.

சோலை மறுபடி வாயைத் திறந்துவிட்டான். "முடி கொட்டுனா நானும் மொட்டை போட்டுக்கிறேன். ரெண்டு பேரும் சேர்ந்து பபூன் கட்டலாம்" என்கிறான். சரி, பிழைத்தான்.

செழியன் போன் செய்தார். ஹாலில் போட்டோவை எடுத்துவிடலாமா என்று மேகனா கேட்கிறாளாம், கதைக்கு அது வேண்டியிருக்கிறது, நான் என்ன சொல்கிறேன் என்று. இருக்கட்டும், மாலை வாடினால் மட்டும் மாற்றுங்கள் என்றேன்.

கால்ஷீட்: டிசம்பர் 2, திங்கள், காலை ஒன்பது மணி, ஆஸ்பத்திரி. முதல் கீமோ. துணைக்குச் சோலை, மேகனா. அந்தத் தேதிக்கு வேறு எந்த ஊரும் ஒப்புக்கொள்ளக்கூடாது.